எங்களுக்குள் தகராறு இல்லை

எங்கள் வீட்டில் மூன்று பேர் ஒரே அறையில் அரை மணி நேரம் சேர்ந்திருந்தால் யாருக்காவது தையல் போட வேண்டிவரும். அண்ணன், நான், தம்பி. என் நெற்றியில் இருக்கும் தழும்பு அண்ணன் எறிந்த டம்ளர். அண்ணனின் முழங்கையில் இருப்பது என் பல். தம்பிக்கு உடம்பெல்லாம் தழும்பு, ஏனென்றால் அவன் எப்போதும் விலக்கிவிட வருகிறவன். அதனாலேயே அவனுக்கு வீட்டில் 'சமாதானம்' என்று பெயர் வந்தது. பெயர் வந்ததே தவிர அது வரவில்லை.

இந்த லட்சணத்தில்தான் அப்பா செத்துப்போனார். அவர் விட்டுப்போனதை நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பெரிய சொத்தொன்றும் இல்லை. ஒரு வாடகைப் பட்டறை, அதில் அப்பா இரும்பு கடையும் லேத், துளை போடும் மிஷின் ஒன்று, பெட்டி நிறையக் கருவிகள், வங்கியில் கொஞ்சம் பணம். உயில் எழுதிவைக்கவில்லை. தான் சாகப்போகிறோம் என்று ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை அவர். அம்மா நான்கு வருஷத்துக்கு முன்பே போய்விட்டாள். ஆக, வாரிசு நாங்கள் மூன்று பேர்தான்.

வங்கிக்கு நான்தான் முதலில் போனேன். மேனேஜர் ஒரு பெண்மணி. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு அப்பாவின் இறப்புச் சான்றிதழைப் படித்தார்.

"தொகை சின்னதுதான். கோர்ட்டுக்கெல்லாம் போக வேண்டாம்மா. வாரிசுங்க மூணு பேரும் ஒண்ணா வாங்க. யாருக்கு என்னன்னு ஒரே தாள்ல எழுதுங்க. எங்களுக்குள்ள தகராறு எதுவும் இல்லைன்னு கடைசியில எழுதி, என் கண்ணு முன்னாடி கையெழுத்துப் போட்டாப் போதும்."

"தகராறு இருந்தா, மேடம்?"

"அப்ப என் கையில இல்ல. கோர்ட்டுதான். மூணு வருஷமோ நாலு வருஷமோ. அதுவரைக்கும் எல்லாத்துக்கும் பூட்டு."

"நடுவுல வாரிசுல ஒருத்தர் செத்துட்டா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன், யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"செத்தவரோட பொண்டாட்டி, பிள்ளைங்க எல்லாரும் வந்து கையெழுத்துப் போடணும். தாள் நீளுமே தவிர குறையாது."

அண்ணனுக்கு ஒரு மனைவி, மூன்று பிள்ளைகள். அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

எனக்கு வேண்டியது பணமில்லை. லேத் மட்டும்தான். பட்டறையின் சொந்தக்காரர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்: மாதக் கடைசிக்குள் மிஷின் யாருடையது என்று தாள் காட்ட வேண்டும், மின்சார இணைப்பை அந்தப் பெயருக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் பட்டறையைப் பூட்டிச் சாமான்களைத் தெருவில் எடுத்துப்போடுவார். மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

பதினாறு வயதில் அந்த லேத்தின் முன்னால் போய் நின்றவள் நான். தொழிலில் ஆசை என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆசையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அப்பா கை நீட்டாத ஒரே இடம் அதுதான். லேத்தில் இரும்பு சுற்றிக்கொண்டிருக்கும்போது அதன் முன்னால் நிற்பவரைத் தொடக் கூடாது. சட்டைக் கை சிக்கினால் தோளோடு இழுத்துக்கொண்டு போய்விடும். மனிதர்களிடம் எந்த விதியையும் மதிக்காத எங்கள் அப்பா, மிஷினிடம் எல்லா விதியையும் மதித்தார். அதனால் நான் லேத்தை நிறுத்தவே மாட்டேன். வேலை இல்லாவிட்டால் பழைய கம்பி எதையாவது மாட்டிச் சீவிக்கொண்டிருப்பேன். சாப்பாடுகூட நின்றுகொண்டே, மிஷின் ஓட ஓட. நிறுத்தினால் அடி விழும். இப்படித்தான் எங்கள் வட்டாரத்திலேயே கை சுத்தமான கடைசல்காரி ஆனேன். முடி கனத்துக்குச் சீவ வேண்டும் என்றால் மற்ற பட்டறைக்காரர்களே என்னிடம் கொடுத்தனுப்புவார்கள்.

அண்ணனுக்கு அந்த யோசனை தோன்றவில்லை. அவன் எதிர்த்து நின்றான். பத்தொன்பது வயதில் ஒருநாள் அப்பா அப்போதுதான் கடைந்து கழற்றிய கம்பியால் அவன் இடது காதில் ஒரு அடி வைத்தார். அன்றோடு அந்தக் காது போயிற்று, அவனும் வீட்டை விட்டுப் போனான். லாரி ஓட்டினான், கல்யாணம் செய்துகொண்டான், அப்பாவின் பிணத்தைப் பார்க்கத்தான் திரும்ப வந்தான். அழவில்லை. நானும் அழவில்லை. தம்பி மூன்று பேருக்கும் சேர்த்து அழுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பட்டறையில் கூடினோம். தம்பி ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டு வந்திருந்தான். அண்ணன் சம்மட்டி கொண்டு வந்திருந்தான். அதைப் பார்த்த உடனேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். லாரியில் வைக்க இடமில்லாமல் எடுத்து வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

"பணத்தை நீங்க ரெண்டு பேரும் பிரிச்சுக்கோங்க" என்றேன். "எனக்கு ஒரு பைசா வேண்டாம். லேத்தும் சாமானும் எனக்கு. கையெழுத்துப் போட்டுட்டு அவங்கவங்க வழியைப் பார்த்துட்டுப் போவோம்."

"பணத்தை நீயே வச்சுக்கோ" என்றான் அண்ணன். "எனக்கும் ஒரு பைசா வேண்டாம். இந்த லேத்தை உடைக்கணும். உடைச்சுப் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டு, அவன் அதை உருக்கறப்போ பக்கத்துல நின்னு பார்க்கணும். அது போதும் எனக்கு."

"இது என் பொழப்பு."

"என் காது போச்சே, அது?"

"அடிச்சது அப்பா. மிஷின் என்ன பண்ணுச்சு?"

"அந்தக் கம்பி இதுல கடைஞ்ச கம்பி. இன்னும் சூடு ஆறலை அப்போ. காதுல பட்டப்போ சுட்டுச்சு, தெரியுமா உனக்கு? நீ இங்கேதானே நின்னுட்டு இருந்த. திரும்பிக்கூடப் பார்க்கலை. சீவிட்டே இருந்த."

அது உண்மை. நான் திரும்பவில்லை. திரும்பினால் நிறுத்த வேண்டும், நிறுத்தினால் அடுத்தது நான். அதை அவனிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு வாய்க்கு முன்னால் கோபம் வந்துவிடும். "உனக்குத் திராணி இருந்தா அந்த ஆள் உயிரோட இருந்தப்போ வந்து உடைச்சிருக்கணும். செத்தப்புறம் வந்து இரும்புகிட்ட வீரம் காட்டுற" என்றேன்.

"ரெண்டு பேரும் உட்காருங்க, பேசலாம்" என்றான் தம்பி, தாளை நீட்டிக்கொண்டு.

அண்ணன் சம்மட்டியைத் தூக்கினான். முதல் அடி பல்சக்கர மூடியில் விழுந்தது. தகரம் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. எனக்குக் கண் இருட்டியது. கையில் கிடைத்த ஸ்பேனரை எடுத்து வீசினேன். குறி தப்பாது எனக்கு. அவன் புருவம் பிளந்து ஒரு கண் முழுக்க ரத்தம் இறங்கியது. ஒரு கையால் துடைத்துக்கொண்டே வந்து என் தலைமுடியைப் பிடித்து, துளை போடும் மிஷினின் தூணில் மோதினான். இரண்டு தடவை. மூன்றாவதுக்கு முன்னால் அவன் தொடையில் முட்டியால் இடித்தேன், மணிக்கட்டைக் கடித்தேன். வாய்க்குள் உப்புக் கரித்தது, அவனுடையதோ என்னுடையதோ தெரியவில்லை. "விடு அண்ணா, விடுக்கா" என்று நடுவில் புகுந்தான் தம்பி. அண்ணனின் முழங்கை அவன் மூக்கில் போய் இறங்கியது. தம்பி அப்படியே இரும்புச் சீவல் குவியலின் மேல் உட்கார்ந்தான். ஒன்றும் எழுதாத தாளில் மூக்கிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

அண்ணன் மறுபடி சம்மட்டியை எடுத்தான். இந்தத் தடவை லேத் முழுவதையும் தாங்கும் நீள இரும்புப் படுகைக்குக் குறி வைத்தான். மற்றதெல்லாம் உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம், படுகை விரிசல் விட்டால் லேத் செத்தது. நான் ஓடிப்போய் அதன் மேல் கையை வைத்தேன். கை இருந்தால் அடிக்க மாட்டான் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் பிறந்து வளர்ந்தவள் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

அவன் பார்த்தான். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். சம்மட்டி மேலே இருந்தபோது அவன் பார்வை என் கையில்தான் இருந்தது. ஒரு கண்ணில் ரத்தம், இன்னொரு கண் நன்றாகத்தான் இருந்தது.

ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் விழுந்தது. வலது கை. வலி உடனே வரவில்லை. படுகையில் விரிசல் விட்டிருக்கிறதா என்றுதான் முதலில் குனிந்து பார்த்தேன். விடவில்லை. என் விரல்கள் அடியை வாங்கிக்கொண்டன. அதற்கப்புறம்தான் கத்தினேன்.

மருத்துவமனைக்கு மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் போனோம். பதிவு செய்கிறவர் எப்படி ஆயிற்று என்று கேட்டார்.

"படியில விழுந்துட்டோம்" என்றான் தம்பி, மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு.

"மூணு பேருமா?"

"பெரிய படி சார்."

அண்ணனுக்கு ஆறு தையல். தம்பியின் மூக்கை நேராக்கிப் பஞ்சு வைத்தார்கள். என் விரல்களுக்குள் கம்பி வைத்து, முழங்கை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டார்கள். டாக்டர் இளம்வயதுக்காரர், பொறுமையானவர். "பொடிப்பொடியா நொறுங்கியிருக்கு. ஆனா கம்பி நல்லா உட்கார்ந்திருக்கு. ஆறு வாரம் எங்கேயும் இடிக்காம பார்த்துக்கோங்க. விரல் மடங்கும், வேலையும் செய்யலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

வெளியே பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். "நான் நேரா போலீசுக்குப் போறேன்" என்றேன்.

"போனா தகராறுன்னு ஆயிடும்க்கா" என்றான் தம்பி, மூக்கடைத்த குரலில். "தகராறுன்னா கோர்ட்டு. கோர்ட்டுன்னா பட்டறைக்குப் பூட்டு. நீதானே சொன்ன."

என்னைக் கட்டிப்போட்டதுபோல ஆயிற்று. கையை நொறுக்கியவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், அவன் பெயரைச் சொன்னால் என் லேத் தெருவுக்குப் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு பேரம் பேசினேன். "லேத் எனக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

அண்ணன் என் மாவுக்கட்டையே பார்த்தான். மன்னிப்புக் கேட்பானோ என்றுகூட நினைத்தேன். "சரி" என்றான். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் பகல் பதினொரு மணிக்கு வங்கியில் மேனேஜர் முன்னால் வரிசையாக உட்கார்ந்தோம். தையல் போட்ட புருவம், பஞ்சு வைத்த மூக்கு, மாவுக்கட்டு. வெளியே தட்டச்சுக்காரர் அடித்துக் கொடுத்த தாளை மேனேஜர் சத்தமாகப் படித்தார். பணம் மகன்கள் இருவருக்கும் சரிபாதி. லேத்தும் மற்றச் சாமான்களும் மகளுக்கு. பிறகு நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு கடைசி வரியைப் படித்தார்.

"எங்களுக்குள் எவ்விதத் தகராறும் இல்லை."

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நிஜமாவா?"

"நிஜமா இல்லைங்க மேடம்" என்றான் தம்பி. "ஒத்துமையா இருக்கோம்."

"தெரியுது. ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியில இருங்க."

கதவு சாத்தியதும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "கை எப்படிம்மா ஆச்சு?"

"பட்டறையில. மிஷின்ல மாட்டிக்கிச்சு."

"அவங்க ரெண்டு பேரையும் அதே மிஷின்தான் கடிச்சுதா?"

"என்னைத் தூக்க வந்தாங்க மேடம்."

"இங்க பாருங்க. நான் இந்த நாற்காலியில இருபது வருஷமா உட்கார்ந்திருக்கேன். செத்தவர் விட்டுட்டுப் போனது சின்னதா இருந்தா அடிதடி சின்னதா இருக்கும்னு கிடையாது. ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சீல் வைக்க மாட்டேன். கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வந்தாங்களா?"

அந்த அம்மா நல்லவர். இந்த வயது வரைக்கும் யாரும் என்னைத் தனியாக உட்காரவைத்து யார் அடித்தது என்று கேட்டதில்லை. வார்த்தை நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"மிஷின்தான் மேடம்" என்றேன். "என் கவனக்குறைவு."

சொல்லிவிட்டு எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது. பதினாறு வயதிலிருந்து என் மேல் ஒரு கீறல் போடாதது அந்த லேத். அப்பாவிடமிருந்து என்னைக் காப்பாற்றியது. அதைக் காப்பாற்ற அதன் மேலேயே பழி போட்டேன்.

மேனேஜர் பெருமூச்சு விட்டு அவர்களை உள்ளே கூப்பிட்டார். அண்ணன் கையெழுத்துப் போட்டான், தம்பி போட்டான். எனக்கு இடது கைப் பெருவிரலில் மை தடவி உருட்டி எடுத்தார்கள். காசாளரும் காவல்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். சீல் விழுந்தது. என் நகலை என் கையில் கொடுத்தபோது மார்போடு அணைத்துக்கொண்டேன். லேத் என்னுடையது. இனி எவன் வந்தாலும் தாளைக் காட்டுவேன்.

வெளியே வந்து படியில் நின்றோம். நல்ல வெயில். அண்ணன் சட்டைப் பையைத் தடவி பீடி எடுத்தான். பற்றவைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டான். அவனுக்கும் ஏதோ பாரம் இறங்கியதுபோல இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் சிரித்தான்.

"நல்லாத்தான் சொன்ன உள்ளே. கதவு வழியாக் கேட்டுச்சு."

நான் தாளை இடது கையில் இறுக்கிப் பிடித்தேன்.

"யோசிச்சா அதுதான் நிஜமும். அந்த மிஷின் இல்லேன்னா எனக்கு உன் மேல என்ன கோவம்? அதுதான் உன் கையைக் கடிச்சது. நான் இல்ல."

தாளில் சீல் விழுந்தாயிற்று. இனி என்ன தகராறு வந்தாலும் அதை அழிக்க முடியாது. அந்தக் கணக்கெல்லாம் போட்டு அடித்தேன் என்று சொன்னால் பொய். அவன் வாயிலிருந்து "நான் இல்ல" என்று வந்ததும் என் வலது கை தானாகப் போயிற்று. முழங்கை வரைக்கும் கல்லாக இறுகிய மாவுக்கட்டு. முழு பலத்தோடு அவன் தாடையில் இறங்கியது. அவன் இரண்டு படி கீழே போய் உட்கார்ந்தான். இன்னும் ஒன்று வைத்தேன். வாயில் வைத்தேன். கட்டு நீளவாக்கில் பிளந்தது. உள்ளே கம்பி இடம் மாறியதை உணர்ந்தேன். தொழில் தெரிந்தவளுக்கு எது நழுவியது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

"அக்கா! அக்கா, போதும்க்கா!" தம்பி என் இடுப்பைப் பிடித்து இழுத்தான். காவல்காரர் ஓடிவந்தார். தம்பி அவரைப் பார்த்து, "ஒண்ணுமில்லண்ணே, குடும்ப விஷயம்" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

அண்ணன் ஒரு பல்லை உள்ளங்கையில் துப்பினான். என்னை நிமிர்ந்து பார்த்தான். அடிக்க எழுந்திருப்பான் என்று காத்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. அவன் கண்ணில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அப்பா மாதிரியே அடிக்கிறடி" என்றான். நக்கலாகச் சொல்லவில்லை. பாவப்பட்டுச் சொன்னான்.

இல்லை என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் கட்டின் பிளவு வழியாக ரத்தம் கசிந்து தாளின் மேல் சொட்டத் தொடங்கியது. தம்பி அதை என் கையிலிருந்து பிடுங்கித் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

மறுபடி ஒரே ஆட்டோ. அண்ணன்தான் என்னைத் தூக்கி ஏற்றினான். வழியெல்லாம் என் முழங்கையைத் தன் மடியில் தாங்கிப் பிடித்திருந்தான், குலுக்கல் தெரியாமல். அதே டாக்டர்தான் இருந்தார். கட்டை வெட்டி எடுத்தார், படம் எடுக்கச் சொன்னார், படத்தை வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இனிமே இந்த ரெண்டு விரலும் மடங்காதும்மா. மறுபடி கம்பி வைக்கலாம், ஆனா பழையபடி வராது. மூணு நாள் முன்னாடி நல்லா உட்கார்ந்திருந்துச்சே, எப்படி ஆச்சு?"

அண்ணன் முந்திக்கொண்டான். வாயில் பஞ்சோடு, "மிஷின்ல..." என்று ஆரம்பித்தான்.

"மிஷினை ஒண்ணும் சொல்லாதே" என்றேன்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். தம்பி வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான். நான் அந்தப் படத்தில் தெரிந்த என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் டாக்டர். எங்க அண்ணனை அடிச்சேன்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.